வருகைக் கணக்கு

ஜூலையில் மட்டும்
ஆயிரத்து நூற்று நாற்பத்தியேழு பேர்
எங்கள் புல்வெளிப் பாதையில் நடந்ததாகச் சொல்கிறது
கம்பத்தில் திருகிவைத்த பச்சைப் பெட்டி.
கவுண்டியின் மொத்த ஜனத்தொகை அறுநூற்றுப் பன்னிரண்டு.
அதில் நடக்க முடியாதவர், முடிந்தும் மாட்டேன் என்பவர்
என்று கழித்துக்கொண்டே போனால்
மிஞ்சுவது பாதிரியாரின் நாய்.
அதுவும் பெட்டியின் கண்ணுக்கு உயரம் போதாது.

"கணக்கு உதைக்கிறது" என்றேன்.
வெர்லின் குச்சேரா பேப்பரிலிருந்து நிமிரவில்லை.
"கறக்கிற மாடு உதைத்தால் பொறுத்துக்கொள்."
பூங்காக்களுக்கு அவர்தான் அதிகாரி,
பனி வழிக்கும் வண்டிக்கு ஓட்டுநரும் அவரே.
மாநிலத்துப் பணம் தலைக்கு இவ்வளவு என்று வருகிறது,
தலை என்றால் எந்தத் தலை என்று
படிவத்தில் எங்கும் இல்லை.

வருகிறவர்கள் வராமலில்லை. ஆற்றுக்கு வருகிறார்கள்.
மாடு தண்ணீர் குடிக்கும் தகரத்தொட்டி, ஆளுயர அகலம்,
உள்ளே சுற்றிலும் பெஞ்சு போட்டு
நெப்ராஸ்கா வெயிலில் மிதக்கவிடுவோம்.
தொட்டிக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது.
துடுப்பு பேருக்கு.
ஆறு சுழற்றிச் சுழற்றிக் கொண்டுபோகும்,
எவ்வளவு பெரிய மனிதரும்
வந்த வழியைப் பார்த்தபடி கொஞ்ச தூரம் போயாக வேண்டும்.
ஒமாஹாவின் பல் மருத்துவர்கள்
நாலு மணி நேரம் சுற்றி, சிவந்து, கரையேறி
"வேறென்ன இருக்கிறது பார்க்க?" என்பார்கள்.
கிழக்கே மணல்மேடு.
மேற்கே மணல்மேடு, அதைத் தாண்டினால்
நீங்கள் திரும்பிப்போகும் சாலை.

ஆகஸ்ட் முதல் திங்கள்
விடியுமுன்னே போய்ப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.
தெர்மாஸ். கொசு. ஈரப் புல்லின் வாடை.
ஐந்தே முக்காலுக்கு வந்தார்கள் பயணிகள்:
நொவோட்னி பண்ணையின் கறுப்பு மாடுகள்
அறுந்த வேலி வழியாக, வரிசை கலையாமல்,
காற்றாலைத் தொட்டிக்குத் தண்ணீர் குடிக்க.
பதினெட்டு.
ஒவ்வொன்றும் பெட்டிமுன் ஒரு கணம் நின்று
சிவப்பு வெளிச்சம் சிமிட்டியதும் நகர்ந்தது,
டிக்கெட் கிழித்துக் கொடுத்ததுபோல்.
சாயங்காலம் வேறு வழியாகப் போகும் என்று நினைத்தேன்.
இல்லை. அதே வழி, அதே பதினெட்டு.

முப்பத்தாறை முப்பத்தொன்றால் பெருக்கிக்
கழித்துப் பார்த்தேன், சிகரெட் அட்டையின் முதுகில்.
மிச்சம் முப்பத்தொன்று.
நாளுக்கு ஒன்று.

அந்த ஒன்று
ஏழு மணிக்கு மேல் வந்தது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
மரிசேலா ஓச்சோவா.
நெடுஞ்சாலை மோட்டலில் அறை சுத்தம் செய்கிறவள்.
கோழிகளின் ஆட்டம் பார்க்கக் கட்டிய பலகைமேடையில் ஏறி
கைப்பிடியில் சாய்ந்துகொண்டாள்.
கோழிகள் ஏப்ரலோடு சரி.
"இப்போது ஒன்றும் இருக்காதே" என்றேன்,
கவுண்டியின் சார்பில் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அவள் கையை நீட்டினாள்:
மேடு, மேட்டுக்குப் பின் மேடு,
காற்று போன பக்கமெல்லாம் புல் மடிந்து.
"பாருங்கள் எவ்வளவு கசங்கல்" என்றாள்.
"ஒன்றைக்கூட நான் இழுத்துவிட வேண்டாம்."

அப்புறம் இரண்டு பேரும் பேசவில்லை.
இருட்டியதும் அவள் வளைவுப் பாதையில் இறங்கி
மறுபக்கமாகப் போய்விட்டாள்.

படிவத்தின் விதிப்படி
ஐம்பது மைலுக்குள் இருப்பவர் பயணி ஆகமாட்டார்.
அவளையும் கழித்தால் பூஜ்யம்.
மூன்று நாள் மேசையில் கிடந்தது.
நான்காம் நாள் பெட்டி சொன்னதையே எழுதினேன்.
தங்கிய இடம்: பக்கத்துப் பண்ணை.
செலவு: கோடு.
'மீண்டும் வருவார்களா?' என்ற கட்டத்தில் மட்டும்
பேனா தயங்கவில்லை.

வெளியே நொவோட்னியின் லாரி.
புதுக் கம்பிச்சுருள் இரண்டு ஏற்றி வந்திருக்கிறான்,
"வேலியை இன்றைக்கே முடித்துவிடுகிறேன்" என்கிறான்.
வெர்லின் அவனுக்குக் காப்பி ஊற்றுகிறார்.
உட்கார், என்ன அவசரம்,
மழை வரும்போல் இருக்கிறதே என்கிறார்,
மேகமே இல்லாத ஜன்னலைக் காட்டி.